எந்தக் கை முதலில் இழுத்தது

எனக்கு வலிப்பு வந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

கண் விழிக்கும்போது கையில் ஏதாவது ஒரு இரும்பு இருக்கும். இரும்பைப் பிடிக்கக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் கொடுப்பார்கள். அந்த இரும்பை வைத்துத்தான் எங்கே விழுந்தேன் என்று கண்டுபிடிப்பேன். அரிவாள் என்றால் வயல். எடைக்கல் என்றால் மளிகைக் கடை. ஒரு தடவை பெரிய ஸ்பேனர் இருந்தது. காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் என்று புரிந்துகொண்டேன். பஸ் டிரைவர் கொடுத்தாராம். நல்ல ஸ்பேனர். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

நானும் டிரைவர்தான். ராணுவத்தில் பதினாலு வருஷம் லாரி ஓட்டினேன். படிப்பு பத்தாவது, அதுவும் தட்டுத்தடுமாறி. ஒரு குளிர்காலத்தில் மலைப் பாதையில் பனியில் சறுக்கி லாரி பள்ளத்தில் உருண்டது. தலையின் வலது பக்கம் கதவில் அடித்தது. ஆறு தையல். நாலாம் நாள் மறுபடி வண்டி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். எட்டு மாதம் கழித்துச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு விழுந்தேன். அதுதான் முதல் வலிப்பு. பிறகு மாத்திரை, ஆஸ்பத்திரி, மறுபடி மாத்திரை. வலிப்பு உள்ளவன் வண்டி ஓட்டக் கூடாது. வண்டி ஓட்டாத டிரைவரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு எழுதிப் போட்டேன். ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ். அதில் எனக்குப் புரிந்தது 'தள்ளுபடி' என்பதற்கான ஒரு வார்த்தை. பெட்டியில் போட்டு மூடினேன். பதிமூன்று வருஷம் அது பெட்டியிலேயே கிடந்தது.

காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் எனக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதைப் பார்த்துக்கொண்டேன். என் சம்சாரம் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். மலையில் லாரி ஓட்டிய நான் அவள் பின்னால் உரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவேன். பள்ளம் வருது, பார்த்து என்பேன். நீங்க பார்த்துத்தான் லாரி பள்ளத்துல போச்சு என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்களுக்கு ஒரே பெண். காரைக்காலில் ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் என் வலிப்பு ஊருக்கே ரகசியம் ஆனது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தானாக நடந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிறவர்கள் நேராக வீட்டுக்கு வர மாட்டார்கள். முதலில் ஒரு ஆள் வண்டியில் வந்து டீக்கடையில் உட்காருவார். அந்தக் குடும்பம் எப்படி என்று சும்மா கேட்பது போல் கேட்பார். அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் கல்யாணம். எங்கள் டீக்கடைக்காரர் இதில் கெட்டிக்காரர். அவர் சொல்லி ஏழெட்டுக் கல்யாணம் நடந்திருக்கிறது. குடிகாரனைக்கூடக் கொஞ்சம் உடம்பு அலுப்பு உள்ளவர் என்று சொல்லிக் கரையேற்றியவர்.

அப்படி இருக்கும்போது காரைக்காலில் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு குறைதீர் முகாம் நடந்தது. அங்கே முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பழைய ஹவில்தார். பெட்டிக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தம் இல்லை. இது உடம்பின் அமைப்பிலேயே, பரம்பரையாக, இருந்தது. ஆகவே தள்ளுபடி.

என் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பரம்பரைன்னா? அப்ப எம் பொண்ணுக்கும் வரும்னு எழுதியிருக்காங்களா?"

ஹவில்தார் கடிதத்தை மடித்தார்.

பணம் பெரிதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பணம் ஞாபகத்தில் இல்லை. என் அப்பாவுக்கு வலிப்பு கிடையாது, தாத்தாவுக்குக் கிடையாது. லாரியில் அடிபட்டது நான். எழுதியிருப்பது என் பெண்ணின் ரத்தத்தைப் பற்றி. அந்தக் காகிதம் பதிமூன்று வருஷமாக அவள் பாவாடை சட்டையோடு ஒரே பெட்டியில் இருந்திருக்கிறது. அந்த வரியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மேல்முறையீடு போடலாம் என்றார் ஹவில்தார். ராணுவத்தில் சேரும்போது எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு நோய் வந்தால் அவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும். சென்னையில் புது டாக்டர் குழு என்னைப் பார்க்கும். ஆனால் வலிப்பை நேரில் பார்த்தவர்கள் சாட்சி வேண்டும். எழுதி, கையெழுத்தோடு. நானே ஊருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வந்தார். ஹெல்மெட், கறுப்புப் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நேராக டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லி, என் வீட்டைக் காட்டி, அந்த மிலிட்டரிக்காரருக்கு வலிப்பு வருமாமே என்று கேட்டிருக்கிறார்.

நான் வயலில் இருந்தேன். என்ன நடந்தது என்பதை டீக்கடைக்காரரே பிறகு பெருமையாகச் சொன்னார். கேட்ட உடனே அவருக்குப் புரிந்துவிட்டதாம், இது மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று. யாரோ வேண்டாதவன் வலிப்பு விஷயத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று. கடையில் இருந்த எல்லாருக்கும் ஒரு கண் காட்டினாராம். வலிப்பா, அவருக்கா என்று சிரித்தாராம். மிலிட்டரிக்குத் தும்மல்கூட வந்ததில்லை என்றாராம். கொத்தனார் ஒருவர், அவர் தென்னை மரம் ஏறுவதை வந்து பாருங்கள் என்றாராம். நான் ஒரு நாளும் தென்னை மரம் ஏறியதில்லை. மளிகைக் கடைக்காரர், அவருடைய எடைக்கல்லை இரண்டு தடவை என் கையில் வைத்தவர், இவ்வளவு திடமான உடம்பை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்றாராம்.

ஹவில்தார் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். ஐந்து பேர் போட்டார்கள். டீக்கடைக்காரர் முதல் ஆள், போன் நம்பரோடு.

பிறகு அவர் என் வீட்டுக்கு வந்து காகிதத்தை என்னிடம் நீட்டினார். முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, ஊர்ல உங்களுக்கு இவ்வளவு நல்ல பேரு இருந்தா கேஸ் நிக்காது."

நான் படித்தேன். தென்னை மரம் வரை எல்லாம் இருந்தது. என் சம்சாரம் எட்டிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஹவில்தார் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. அந்தக் காகிதத்தை அவரே கிழித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறேன், ஆளைத் தயார் செய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே என் சம்சாரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வந்தவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லை, பென்ஷன் கேஸுக்கு வந்தவர், இனிமேல் யார் வந்து கேட்டாலும் மறைக்க வேண்டாம், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். டீக்கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லையாம். பொண்ணு கல்யாணம் என்னாவது அக்கா என்றாராம். அந்தக் கல்யாணத்துக்குத்தான் சொல்லுறேன், சொல்லுங்க என்று வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

பக்கத்தில் பூவம் என்ற ஊரில் ஒரு இடம். ஜாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளை அனுப்பிக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. தன் காதால் கேட்க வேண்டும் என்று தானே வந்தார். அவருக்கும் ஹெல்மெட், கறுப்புப் பை. டீ சொல்லிவிட்டு மிலிட்டரிக்காரர் வீடு எது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். வலிப்பு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

பென்ஷன் ஆபீஸ் ஆள் என்று நினைத்துக் கடை அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. போன தடவை சொன்னது தப்பு, பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும் என்று டீக்கடைக்காரர் ஆரம்பித்தாராம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிவதற்குள் ஆளாளுக்கு என்னை விழ வைத்தார்கள். வாய்க்காலில் விழுந்தது, தேர் பார்க்கப் போன இடத்தில் விழுந்தது, ரேஷன் கடையில் பாமாயில் டப்பாவோடு விழுந்தது. யார் கொடுத்த இரும்பில் வலிப்பு நின்றது என்று ஒரு சண்டை. எடைக்கல்தான் என்றார் மளிகைக்காரர். கொல்லூறு என்றார் கொத்தனார். சிமெண்ட் பூசும் கரண்டிக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். பிறகு முதலில் இழுப்பது வலது கையா இடது கையா என்று இன்னொரு சண்டை. டீக்கடைக்காரர் வலது கை என்று இழுத்துக் காட்டினார். கொத்தனார் இரண்டு கையும் என்று பெஞ்சில் படுத்தே காட்டினார். பெஞ்சு சாய்ந்துவிட்டது.

பூவத்துக்காரர் பொறுமையாக டீயைக் குடித்து முடித்திருக்கிறார். காசு கொடுத்தாராம், யாரும் வாங்கவில்லை. எங்க மிலிட்டரி கேஸுக்கு வந்திருக்கீங்க, உங்ககிட்ட காசா என்றார்களாம்.

அவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் கொல்லையில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சம்சாரம் ஹெல்மெட்டையும் பையையும் பார்த்தாள். ஹவில்தாருக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். உட்கார வைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாம் நல்லா சொன்னாங்களாங்க? விழுந்ததெல்லாம் விடாம சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. படுத்தே காட்டினாங்க." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் பூவத்துலேர்ந்து வரேன். பையனோட அப்பா."

நான் உள்ளே வந்தபோது என் சம்சாரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். நான் விழுந்துவிடுவேனோ என்று பார்த்த மாதிரி இருந்தது. வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார்.

நல்ல மனுஷர். கோபப்படவில்லை. லாரி கவிழ்ந்ததைக் கேட்டார், சொன்னேன். தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்றார், தலையைக் குனிந்தேன். அடிபட்டு வந்தது என்றால் எனக்கு ஒன்றும் இல்லை, அது நாட்டுக்காகப் பட்ட அடி என்றார். ரத்தத்தில் வந்தது என்றால் நாளைக்குப் பேரப்பிள்ளைகளை நினைக்க வேண்டியிருக்கிறது என்றார். இதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் இங்கிலீஷ் படித்தவர். இரண்டு தடவை படித்தார்.

"நீங்க ஒண்ணு சொல்றீங்க. பேப்பர் ஒண்ணு சொல்லுது."

"பேப்பர் தப்பு," என்றேன்.

"அப்ப திருத்திக் கொண்டாங்க. தை வரைக்கும் நாங்க வேற இடம் பார்க்க மாட்டோம்."

அவர் போன பிறகு என் பெண் கடையில் இருந்து வந்தாள். நடந்ததைச் சொன்னோம். அழுவாள் என்று நினைத்தேன். கொத்தனார் பெஞ்சோடு சாய்ந்த இடத்தை அவள் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பேப்பரை மாத்துங்கப்பா, எனக்கு அது பிடிக்கலை என்றாள். சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹவில்தார் வந்து சாட்சி எழுதினார். எட்டுப் பேர். இரண்டு பேர் வலது கை, மூன்று பேர் இரண்டு கை, ஒருவர் கால், இரண்டு பேருக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

ஐப்பசியில் சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நானும் என் சம்சாரமும் போனோம். ராணுவ ஆஸ்பத்திரி. பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள், சீருடையில். நடுவில் இருந்தவர் ஒரு அம்மாள். கண்டிப்பான முகம். ஹிந்தியில் கேட்டார். நானும் ஹிந்தியில் சொன்னேன். ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் தமிழ்க்காரர். அவர் இருந்தது தைரியமாக இருந்தது.

வலிப்பு எப்படி ஆரம்பிக்கிறது என்று அம்மாள் கேட்டார். தெரியாது என்றேன். எந்தப் பக்கம் என்றார். தெரியாது என்றேன். எவ்வளவு நேரம் என்றார். தெரியாது. பேனாவை வைத்துவிட்டார். உன் நோய், உனக்கே தெரியாதா என்றார்.

"அப்ப நான் அங்க இருக்க மாட்டேன் மேடம்," என்றேன்.

தமிழ் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

ஊர்ச் சாட்சிகளைப் புரட்டினார்கள். கை, கால், இரண்டு கை என்று படித்துவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். அதோடு என் கேஸ் முடிந்தது என்று தோன்றியது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அம்மாள் கேட்டார். என் சம்சாரத்தை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவள் கும்பிட்டுவிட்டு நின்றாள். எப்படி வரும், சொல்லுங்கம்மா என்றார் தமிழ் டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்ல வராதுங்க. செஞ்சு காட்டட்டுங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையைக் கணுக்காலில் இறுக்கிக்கொண்டு, தரையில் படுத்துவிட்டாள்.

மூன்று டாக்டர்களும் எழுந்து மேஜைக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளுடைய இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உரச ஆரம்பித்தன. நெல் முற்றிவிட்டதா என்று தேய்த்துப் பார்ப்போமே, அப்படி. பிறகு அந்தக் கை மட்டும் மடங்கி ஏறியது. முகம் இடது பக்கம் மெல்லத் திரும்பியது. வாய் கோணியது. ஏதோ சொல்ல வருகிற மாதிரி ஒரு சத்தம், ங்ங் என்று. அதற்குப் பிறகுதான் மற்றக் கை, கால், எல்லாம். செருப்பு ஒன்று பறந்து பீரோவுக்கு அடியில் போனது.

நான் அவள் கைப்பையோடு நின்றேன். இத்தனை வருஷமாக எனக்கு நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு அவலட்சணமாக விழுவேன் என்று நினைத்ததில்லை. அந்தச் சத்தம் என் சத்தம்தான். அதையும் இவள் கேட்டு வைத்திருக்கிறாள். அதே நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ராணுவ டாக்டர்கள் மூன்று பேர் முன்னால் அட்டென்ஷனில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். போதுமாங்க என்று கேட்டாள்.

போதவில்லை. அம்மாள் மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் குந்தினார். மறுபடி, மெதுவாக என்றார். மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் செய்தாள். மூன்றாவது கொஞ்சம் கூடுதலாக வந்தது, பழகிவிட்டது போல.

எப்பவும் இடது கையா, சில தடவை வலது கையா என்று தமிழ் டாக்டரை விட்டுக் கேட்டார்.

"எப்பவும் இடது கைதாங்க. அந்த ரெண்டு விரல் உரச ஆரம்பிச்சா நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடுவேன். ஊர்ல உள்ளவங்க அவரு விழுந்த பிறகுதான் பார்ப்பாங்க. நான் முன்னாடியே பார்ப்பேன்."

அம்மாள் எழுந்து வந்து என் தலையைக் குனியச் சொன்னார். வலது பக்கம் முடியை விலக்கித் தழும்பைக் கட்டை விரலால் அழுத்தினார். மற்ற இருவரிடமும் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். தமிழ் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். இடது கையை ஓட்டுவது மூளையின் வலது பக்கம். அடிபட்டது வலது பக்கம். அடிபட்ட இடத்தில் இருந்து கிளம்புகிற வலிப்பு இப்படி ஒரு கையில் ஆரம்பித்துப் பிறகு பரவும். பிறவியில் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்கும். முன்னால் இருந்த குழு யாரிடமும் இதைக் கேட்டதாகக் காகிதத்தில் இல்லை என்றார். ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

செருப்பைப் பீரோவுக்கு அடியில் இருந்து நான்தான் எடுத்தேன். ஸ்கேன் எடுக்க நடக்கும்போது அவள், நல்லா செஞ்சேனாங்க என்றாள். மூணாவது கொஞ்சம் அதிகம் என்றேன். வராந்தாவில் சுவரில் சாய்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் ஒருவர் வந்து, இங்கே சத்தம் போடக் கூடாது என்றார். அடக்கினோம். லிஃப்டில் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

மார்கழிக் கடைசியில் கடிதம் வந்தது. மறுபடி இங்கிலீஷ். இந்தத் தடவை என் பெண் படித்தாள். அவள் அம்மா சமையல் கட்டில் இருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். தலைக்காயத்தின் பின்விளைவு. பணியினால் ஏற்பட்டது. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். பரம்பரை என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா பார் என்றேன். இரண்டு பக்கமும் திருப்பித் தேடினாள். இல்லை. பென்ஷன் எவ்வளவு என்பதும் கீழே இருந்தது. அதைக் கடைசியில்தான் படித்தாள்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டியில் பூவம் போனோம். மாப்பிள்ளையின் அப்பா கடிதத்தை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். உள்ளே கூப்பிட்டு அவர் சம்சாரத்துக்கும் படித்துக் காட்டினார். முகூர்த்தம் மாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அறுவடை முடிந்துவிடும், வைத்துக்கொள்ளலாம் என்றேன். இதில் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா சம்பந்தி, எங்க ஆளுங்க பத்துப் பேர் கேப்பாங்க என்றார்.

காரைக்கால் வந்து பத்துக் காப்பி எடுத்தோம். ஒன்று ஹவில்தாருக்கு. அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். ஒன்று டீக்கடைக்காரர் கேட்டு வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். இனிமே யாரு வந்து கேட்டாலும் நான் வாயைத் திறக்கப் போறதில்ல, மிலிட்டரி என்றார். பால் பாக்கெட் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். இங்கிலீஷ் என்பதால் யாராலும் படிக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவரே விளக்குகிறார். இடது கைதான் முதலில் என்று இப்போது சரியாகச் சொல்கிறார். செய்தும் காட்டுகிறார்.